பள்ளிப் பாடமும் இரிடியமும்

கேள்வி: தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் வரும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோமே, இன்னும் என்ன ஆராய்ச்சி?

பதில்: பள்ளியில் கரண்ட் பில்லை யார் பார்த்தார்கள்! ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி சுமார் 39 யூனிட். நடைமுறையில் 50-ஐத் தாண்டுகிறது. வீணாவதில் பெரும்பங்கு ஆக்சிஜன் பிரியும் நேர்மின்முனையில். அமிலச் சவ்வு வைத்த கருவியில் அந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும் வினையூக்கி இரிடியம். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது.

காரக் கரைசல் என்றால் மலிவான நிக்கலே போதும். ஆனால் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் சவ்வு, சூட்டிலும் காரத்திலும் நைந்துபோகிறது. சவ்வை மெலிதாக்கினால் மின்தடை குறையும். கூடவே ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் கசியும். 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும் கலவை. என்னைக் கேட்டால், வினையூக்கியைவிட இந்தச் சவ்வுதான் பெரிய தலைவலி.