இருபத்தைந்தும் முப்பதும்

நகரும் படம் எனப்படுவது உண்மையில் நகராத படங்களின் வரிசையே. சிறுசிறு மாற்றங்களுடன் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட நிழற்படங்கள் போதிய வேகத்தில் கண்முன் தோன்றி மறையும்போது, மூளை அவற்றைத் தனித்தனியே எண்ணிக்கொண்டிராமல் ஓர் இயக்கமாக ஏற்றுக்கொள்கிறது. அவ்வரிசையிலுள்ள ஒவ்வொரு படமும் சட்டகம் எனப்படும். பேச்சுவழக்கில் அதுவே ‘பிரேம்’. ஒரு நொடியில் எத்தனை சட்டகங்கள் என்னும் கணக்கு, சட்டக வேகம்.

இன்றைய காணொலிக் கருவியொன்றின் அமைப்புப் பட்டியலைத் திறந்தால் 24, 25, 30, 50, 60 என எண்கள் வரிசையாக நிற்கக் காணலாம். தொழில்முறைக் கருவிகளில் 23.98, 29.97 எனப் பின்ன எண்களும் இருக்கும். கண்ணின் தேவையோ உலகெங்கும் ஒன்றுதான். ஐரோப்பியர் கண்ணுக்கு 25 படங்கள் போதும், அமெரிக்கர் கண்ணுக்கு 30 வேண்டும் என்பதற்கு உடலியல் காரணம் ஏதுமில்லை. அன்றைய கருவிகளையும் மின்கம்பிகளையும் வீடுகளில் ஏற்கெனவே இருந்த பெட்டிகளையும் கருத்திற்கொண்டு பொறியாளர்கள் செய்துகொண்ட உடன்பாடுகளே இவ்வெண்கள்.

காதின் கண்டிப்பு

மௌனப்படக் காலத்தில் ஒளிப்பதிவாளர் படக்கருவியின் கைப்பிடியைத் தம் கையால் சுழற்றினார். நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டகங்கள் பதிவாயின. கை சற்றுத் தளர்ந்தால் எண்ணிக்கை குறைந்தது, விரைந்தால் கூடியது. திரையிடும் வேகமும் அரங்குக்கு அரங்கு வேறுபட்டது. ஒரு நாளில் காட்சிகளைக் கூட்ட விரும்பிய உரிமையாளர்கள் படத்தை விரைந்து ஓட்டியதும் உண்டு. அன்றைய மனிதர்கள் பழைய படங்களில் துள்ளித் துள்ளி நடப்பதற்கு அவர்களுடைய நடை காரணமன்று. குறைந்த வேகத்தில் எடுத்ததைக் கூடிய வேகத்தில் ஓட்டுவதே காரணம்.

1920-களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது இந்தத் தாராளம் முடிவுக்கு வந்தது. படத்தின் வேகம் சற்று ஏறி இறங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலி, சுருள் விரைந்தால் கீச்சிடும், தளர்ந்தால் முனகும். எனவே மாறாத வேகமொன்று தேவைப்பட்டது. வேகம் மிகக் குறைந்தால் ஒலியின் தெளிவு கெடும். மிகக் கூடினால் படச்சுருளின் செலவு ஏறும். இவ்விரண்டுக்கும் நடுவே 24 நிலைத்தது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் அடங்கும். எனவே நிமிடத்துக்கு 90 அடி என்னும் கணக்கும் எளிதாக அமைந்தது.

24 படங்கள் இயக்கத்தைக் காட்டப் போதுமானவை. மினுக்கத்தைப் போக்கப் போதுமானவை அல்ல. படவீழ்த்தியின் முன் சுழலும் தகடு ஒவ்வொரு சட்டகத்தையும் இருமுறை காட்டுமாறு அமைக்கப்பட்டது. திரையில் நொடிக்கு 48 முறை ஒளி விழுந்தது. படங்கள் 24-ஆகவே இருந்தன.

மின்நிலையத்தின் எண்

தொலைக்காட்சி பிறந்தபோது 24 என்னும் எண் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. ஆயினும் அது ஏற்கப்படவில்லை. வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் ஐரோப்பாவில் நொடிக்கு 50 சுற்றுகளும் அமெரிக்காவில் 60 சுற்றுகளும் கொண்டது. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளால் இந்த மின்னதிர்வைத் தம் உட்சுற்றுகளிலிருந்து முழுமையாக விலக்க இயலவில்லை. படத்தின் வேகமும் மின்னோட்டத்தின் வேகமும் ஒவ்வாதபோது, திரையில் நிழற்பட்டை ஒன்று மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டேயிருக்கும். இரண்டும் ஒத்துவந்தால் அப்பட்டை அசையாது நிற்கும். அசையாத குறையைக் கண் எளிதில் மறந்துவிடும். ஆகவே படத்தின் வேகத்தை மின்நிலையமே தீர்மானித்தது.

நொடிக்கு 50 முழுப்படங்களை அனுப்ப வானலையில் மிகுந்த இடம் வேண்டும். அதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் கண்டது ஓர் அழகான உத்தி. படத்தின் ஒற்றைப்படை வரிகளை முதலில் அனுப்பினர். இரட்டைப்படை வரிகளை அடுத்து அனுப்பினர். இரண்டு அரைப்படங்கள் பின்னிச் சேர்ந்து ஒரு முழுப்படமாயின. 50 அரைப்படங்கள் 25 முழுப்படங்கள். அமெரிக்காவில் 60 அரைப்படங்கள் 30 முழுப்படங்கள். 1936 நவம்பர் 2-இல் இலண்டனின் அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து பிபிசி தொடங்கிய ஒளிபரப்பில் இரண்டு முறைகள் மாறிமாறிச் சோதிக்கப்பட்டன. பெயர்டின் முறை 240 வரிகளில் நொடிக்கு 25 முழுப்படங்களைக் காட்டியது. அதில் மினுக்கம் மிகுந்திருந்தது. மார்க்கோனி-ஈஎம்ஐ முறை 405 வரிகளை 50 அரைப்படங்களாகப் பின்னியது. சில மாதங்களுக்குள் பின்னதே நிலைத்தது. அமெரிக்கா 1941-இல் 525 வரிகளையும் 30 படங்களையும் தன் தரமாக்கிக்கொண்டது.

மின்னோட்டத்தின் எண் ஒரு நாட்டையே இரண்டாகப் பிரித்ததும் உண்டு. 1890-களில் டோக்கியோ நகரம் ஜெர்மானிய மின்னாக்கிகளை வாங்கியது; அவை 50 சுற்றுக்குரியவை. ஒசாகா வாங்கியவை அமெரிக்க மின்னாக்கிகள்; அவை 60 சுற்றுக்குரியவை. இரு நகரங்களைச் சுற்றியும் மின்வலை விரிந்தது. கிழக்கு ஜப்பான் 50, மேற்கு ஜப்பான் 60 என்னும் பிரிவு இன்றுவரை நீடிக்கிறது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கிழக்கின் மின்நிலையங்களை முடக்கியபோது, மேற்கிலிருந்து வேண்டிய அளவு மின்சாரத்தை அனுப்ப இயலவில்லை. இரண்டையும் மாற்றித்தரும் நிலையங்களின் திறன் அப்போது ஏறத்தாழ 1000 மெகாவாட் மட்டுமே. தொலைக்காட்சியிலோ ஜப்பான் முழுவதும் அமெரிக்காவின் 30 படங்களையே ஏற்றிருந்தது.

பழைய பெட்டிகளின் உரிமை

வண்ணம் வந்தபோதுதான் இவ்வரலாற்றின் மிகச் சிக்கலான முடிவு எடுக்கப்பட்டது. 1950-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம், சிபிஎஸ் நிறுவனம் உருவாக்கிய வண்ண முறைக்கு ஒப்புதல் அளித்தது. சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் பொருத்திய சக்கரமொன்று சுழல, வண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் முறை அது. படம் நன்றாகவே இருந்தது. ஆயினும் மக்களிடம் அப்போது இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அவ்வொளிபரப்பு தெரியாது. 1951-இல் தொடங்கிய வண்ண ஒளிபரப்பைக் காண ஏறக்குறைய யாருமில்லை. சில மாதங்களில் அது நின்றது.

பழைய பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவும் புதிய பெட்டியில் வண்ணமாகவும் தெரியும் ஒரே ஒளிபரப்பு வேண்டும் என்பது அடுத்த முயற்சியின் நிபந்தனையாயிற்று. 1953 டிசம்பரில் ஏற்கப்பட்ட என்டிஎஸ்சி வண்ண முறை அதை நிறைவேற்றியது. அதற்கு ஒரு விலை இருந்தது. படத்துக்குள் புதிதாகச் செருகப்பட்ட வண்ண அலையும், முன்பே இருந்த ஒலியின் ஊர்தி அலையும் ஒன்றோடொன்று மோதித் திரையில் புள்ளிக்கோலங்களை எழுப்பின. ஒலியலையை நகர்த்தினால் தீரும். ஆனால் பழைய பெட்டிகள் அந்த ஒலியலைக்கே இசைவிக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒலியை விட்டுவிட்டுப் படத்தின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தனர். புள்ளிக்கோலங்கள் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றையொன்று ஈடுசெய்து மங்கின. 30 என்பது 29.97 ஆயிற்று.

இச்சிறு குறைவு பார்ப்பவருக்குத் தெரியாது, கடிகாரத்துக்குத் தெரியும். சட்டகங்களை 30, 30-ஆக எண்ணி ஒரு மணி நேரம் எனக் குறித்தால், உண்மையில் அதற்கு மேலும் 3.6 நொடி கடந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் பிழை 108 சட்டகங்கள். விளம்பரத்தையும் செய்தியையும் நொடிக் கணக்கில் அடுக்கும் நிலையங்களுக்கு இது பெருந்தொல்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி, நாட்காட்டியில் மிகுநாள் சேர்ப்பதை எதிர்மாறாகச் செய்வது போன்றது. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களை எண்ணாமல் தாண்டுவர். பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. 54 நிமிடங்களில் இரண்டிரண்டாக 108 எண்கள் கழிந்து கணக்கு நேராகும். இதில் படம் எதுவும் நீக்கப்படுவதில்லை. எண்கள் மட்டுமே விடுபடுகின்றன. இந்த வேறுபாட்டைப் படத்தொகுப்புப் பயில்வோர் பலர் தொடக்கத்தில் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு.

அமெரிக்க முறையில் வண்ணச்சாயல் வழியில் பிறழ்வதும் உண்டு. முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் புரூக், ஒரு வரியில் நேரும் பிழையை அடுத்த வரி ஈடுசெய்யுமாறு அமைத்த முறையே பால். 1967 ஆகஸ்டு 25-இல் பெர்லின் கண்காட்சியில் வில்லி பிராண்ட் பொத்தானை அழுத்தி மேற்கு ஜெர்மனியின் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். அவர் விரல் பொத்தானைத் தொடுமுன்பே திரை வண்ணமாயிற்று. பொத்தான் வெறும் அலங்காரம்! அதே ஆண்டில் பிரான்சு தனக்கென செகாம் என்னும் வேறொரு முறையைத் தொடங்கியது. பாலும் செகாமும் 625 வரிகளும் 25 படங்களும் கொண்டவையே. வண்ணத்தை எழுதும் முறையில் மட்டும் அவை வேறுபட்டன.

ஒரே நாடா, மூன்று நாடுகள்

இந்தியாவின் மின்னோட்டம் 50 சுற்றுகள் கொண்டது. எனவே 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கிய ஒளிபரப்பும், 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய சென்னை நிலையத்தின் ஒளிபரப்பும் 25 படங்களையே கொண்டிருந்தன. 1982-இல் வந்த வண்ணம் பால் முறையில் அமைந்தது. இலங்கையும் அம்முறையையே ஏற்றது.

24 படங்களில் எடுக்கப்பட்ட திரைப்படத்தை 25 படங்களில் ஒளிபரப்ப மிக எளிய வழி, அதைச் சற்று விரைந்து ஓட்டுவதே. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். பாடலின் சுருதியும் உயரும். இசைவாணர் கணக்கில் அது அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் உணர்வதில்லை. இசைத்தட்டோடு ஒப்பிட்டுக் கேட்கும் தேர்ந்த செவிக்கு அது புலப்படும்.

தரங்களின் வேறுபாட்டை மிகுதியாக உணர்ந்தவர்கள் கடல்கடந்து சிதறிய குடும்பத்தினர். 1983-க்குப் பின் ஈழத்தமிழர் பல நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். ஊரில் நடந்த திருமணத்தையும் இறுதிச்சடங்கையும் அவர்கள் காண ஒளிநாடாவே வழியாக இருந்தது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பதிவான ஒரே நாடாவின் மூன்று படிகள் மூன்று உடன்பிறப்புகளுக்குச் செல்வதாகக் கொள்வோம். இலண்டனில் உள்ளவர் வீட்டில் அது குறையின்றி ஓடும். பிரித்தானியாவின் முறையும் பால். பாரிசில் செகாமுக்கு மட்டும் உரிய கருவியில் படம் தெரியும், வண்ணம் தெரியாது; கூறைப்புடவை சாம்பல் நிறமாகிவிடும். தொறன்ரோவிலோ நாடா கருவிக்குள் சரியாகப் பொருந்தும், பெட்டியின் அளவு உலகெங்கும் ஒன்றாகையால். ஆனால் திரையில் படம் உருண்டோடும். முகம் எதுவும் நிலைக்காது. 30 படங்களுக்குப் பழகிய கருவிக்கு 25 படங்களின் கணக்கு விளங்குவதில்லை.

அங்கே நாடாவை மாற்றித்தரும் கடைகளை நாட வேண்டியிருந்தது. மாற்றும் கருவி 25 படங்களிலிருந்து 30 படங்களை ஆக்க வேண்டும். இல்லாத ஐந்தை, இருப்பவற்றைத் திரும்பக் காட்டியோ இரண்டைக் கலந்தோ அது நிரப்பியது. 625 வரிகளும் 525-ஆகக் குறைந்தன. தாலி கட்டும் கை விட்டுவிட்டு அசைந்தது. படியெடுக்குந்தோறும் படத்தின் கூர்மையும் தேய்ந்தது.

எண்ணிம காலத்தில்

எண்ணிம ஒளிபரப்பு வந்தபின் பால், என்டிஎஸ்சி, செகாம் என்னும் வண்ண வேறுபாடுகள் பொருளற்றுப் போயின. 25-உம் 29.97-உம் மட்டும் மறையவில்லை. பல்லாண்டுகளாகச் சேர்ந்த நிகழ்ச்சிகள் அவ்வேகங்களில் இருக்கின்றன. மின்விளக்குகளும் பழைய சுற்றிலேயே எரிகின்றன.

50 சுற்று மின்னோட்டத்தில் எரியும் பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. பெரும்பாலான கைப்பேசிகளோ நொடிக்கு 30 படங்கள் என்னும் வேகத்தை முதலமைப்பாகக் கொண்டவை. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி நுழையும் நேரம் 1/60 நொடியாயின், அதற்குள் விளக்கின் ஒன்றரைக்கும் சற்று மேற்பட்ட துடிப்புகளே அடங்கும். ஒரு சட்டகத்தில் ஒளி மிகும், அடுத்ததில் குறையும். காணொலியில் கரும்பட்டைகள் ஊர்ந்து செல்லும். வகுப்பறையிலோ விழா மேடையிலோ எடுத்த காணொலிகளில் இதைப் பலர் கண்டிருக்கக்கூடும். ஒளி நுழையும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக அமைத்தால் முழுத் துடிப்புகள் அடங்கும், பட்டைகள் மறையும். 60 சுற்று மின்சாரமுள்ள நாட்டில் அதே கருவிக்கு 1/60 பொருந்தும்.

திருமணக் காணொலியில் 25 படக் கருவியின் பதிவோடு, உறவினர் கைப்பேசியில் எடுத்த 30 படப் பதிவையும் தொகுப்பாளர் இணைக்க நேர்கிறது. அப்போது ஆறு சட்டகங்களுக்கு ஒன்றை விலக்க வேண்டும். அமர்ந்திருப்போர் காட்சியில் அது தெரியாது. நடந்து வருவோர் காட்சியில் தெரியும்.

பழைய ஒளிநாடாக்களை எண்ணிமக் கோப்புகளாக மாற்றும் பணி இப்போது பல குடும்பங்களில் நடந்துவருகிறது. நாடாவின் காந்தப்பூச்சு உதிர்வதற்குள் அதை முடித்தாக வேண்டும். கனடாவில் மாற்றப்பட்ட படியிலிருந்து கோப்பை ஆக்கினால், அன்று செருகப்பட்ட படங்களும் அன்று தேய்ந்த வரிகளும் கோப்பில் நிலையாகப் பதிந்துவிடும். அதே திருமணத்தின் முதல் நாடா ஊரில் ஓர் அலமாரியிலோ, இலண்டன் உறவினர் வீட்டிலோ இருக்கக்கூடும். அதைத் தேடிப் பெற்று, பால் முறைக் கருவியில் ஓட்டி, நொடிக்கு 25 படங்களாகவே பதிவுசெய்வது முறை.