முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகு கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: காரைக்குடியில் இன்ஜினீயரிங் படிக்கிறேன். என் கம்ப்யூட்டர் 2019இல் அசெம்பிள் செய்தது. ஐ5-9400எஃப் பிராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 24 அங்குல 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், 450 வாட் எஸ்எம்பிஎஸ், 600 விஏ யுபிஎஸ். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கு என்கிறான் ஒரு நண்பன். ஜிடிஏ 6 வரப்போகிறது, 16 ஜிபி கார்டாகப் பார் என்கிறான் இன்னொருவன். எதை வாங்கலாம்? அப்பத்தா வீட்டு மாடியில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. கேபினெட்டைத் தொட்டால் சில நேரம் விறுவிறுவென்று ஷாக் அடிக்கிறது. புதுக் கார்டுக்கு ஏதும் ஆகுமா?
- ஒரு மாணவர், செக்காலை, காரைக்குடி

பதில்: தம்பி, கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கார்டு வாங்குவதைவிட அதுதான் அவசரம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் வந்து அவை கேபினெட் தகட்டில் சேரும். எர்த் இருந்தால் அந்தச் சொற்பக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகடு முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு போகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் பழுதாகி உண்மையிலேயே கசிந்தாலும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. ஒயரிங் பிறகு வந்தது, அதுவும் தேவைக்கேற்பத் துண்டு துண்டாக. மாடி அறையில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் புதிதாகப் பளபளக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எர்த் குழி இருக்கிற வீட்டிலும் நம் செம்மண் கோடையில் வறண்டுவிடும். கரியும் உப்பும் போட்டு மூடிய குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு வோல்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருவதை ஒட்டி வர வேண்டும். மிகவும் குறைந்தால், அல்லது வராமலே போனால், எர்த் சரியில்லை. அதைச் சரிசெய்யும்வரை டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே எச்டிஎம்ஐ கேபிளை ஆன் செய்த நிலையில் செருகாதீர்கள். கார்டின் போர்ட் போவது பல நேரம் அந்த நொடியில்தான்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 450 என்று பெரிதாக இருப்பதைப் பார்க்காதீர்கள். கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்களில் அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், கிடைப்பது 192 வாட். உங்கள் பிராசஸருக்கு 65 வாட், ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட். இரண்டைக் கூட்டினாலே 210. விசிறி, டிஸ்க், மதர்போர்டு இன்னும் கணக்கில் வரவில்லை. விளையாட்டின் நடுவே திரை கறுத்து கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதற்கு மிகப் பெரும்பாலும் இதுதான் காரணம், பழியோ கார்டு மேல் விழுகிறது. நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளது ஒன்றை வாங்குங்கள், நான்கைந்தாயிரம் ஆகும். கார்டுக்குப் போகும் 8 பின் ஒயர் அதிலேயே இருக்க வேண்டும். "கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி கார்டு. உங்கள் 1050 டிஐ 2016இல் வந்தது. அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். இண்டியானா ஜோன்ஸ், டூம் டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. ஆகவே மாற்ற வேண்டிய நேரம்தான்.

ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். கார்டு விநாடிக்கு 120 படம் வரைந்து தள்ளினாலும் திரை 60ஐத்தான் காட்டும். மதர்போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 5060 போன்றவை 16 பாதைகளுக்குப் பதிலாக 8 பாதைகளிலேயே ஓடுபவை. பழைய மதர்போர்டில் அவை கொண்டுபோகும் அளவு இன்னும் குறையும். கேம் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை தெரியாது. தாண்டினால் தடக் தடக்கென்று நின்று நின்று ஓடும். ஆர்எக்ஸ் 6600, 7600 இரண்டுக்கும் இதே 8 பாதைதான், ஆகவே டெக்ஸ்ச்சரை ஒரு படி குறைத்து வைப்பதுதான் வழி. இன்டெலின் பி580இல் 12 ஜிபி இருக்கிறது என்று ஆசை காட்டுவார்கள். அது பழைய பிராசஸரோடு ஒத்துப்போகாது, உங்களுக்கு வேண்டாம்.

என் பரிந்துரை இது. விளையாட்டு மட்டும்தான் என்றால் ஆர்எக்ஸ் 6600, அல்லது சற்றுக் கூடுதல் விலையில் 7600. முதலாவதுக்கு 132 வாட், இரண்டாவதுக்கு 165 வாட், இரண்டிலும் 8 ஜிபி. மீதிப் பணத்தில் எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். அதற்கு மேலும் கையில் நின்றால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரன்ட் ஆடுகிறவருக்குக் கார்டைவிட மானிட்டர் மாற்றியதுதான் பளிச்சென்று தெரியும். மானிட்டரை மாட்டிய பிறகு விண்டோஸ் செட்டிங்கில் 144 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் 60இலேயே ஆடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பிளெண்டர், மெஷின் லேர்னிங் என்று படிப்புக்கும் வேண்டுமானால் நண்பர் சொன்ன 5060தான் சரி. அந்த மென்பொருள்களில் பலவும் என்விடியாவின் கூடாவை நம்பி எழுதியவை. மானிட்டர் அப்போது அடுத்த வருஷம்.

ஜிடிஏ 6ஐப் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் முதலில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டருக்கு வராத கேமுக்காக இன்றைக்கு 16 ஜிபி வாங்குவது, பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான்.

மாடி அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 20 - 25 டிகிரி அறையில் நடப்பவை. அக்னி நட்சத்திரத்தில் உங்கள் மாடி 38ஐத் தொட்டால் கார்டின் சூடும் ஏறக்குறைய அந்த வித்தியாசத்துக்கு ஏறும், பிறகு அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒற்றை விசிறிக் கார்டு வேண்டாம், இரண்டு விசிறி உள்ளதாகப் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். முடிந்தால் கீழே உள்கட்டு அறை ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். கனத்த சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் தரும் குளிர்ச்சியை எந்த ஆர்ஜிபி விசிறியும் தராது. அப்பத்தாவிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

கேள்வி: பையனுக்குப் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்று வாங்கினோம், பெரிய கம்பெனி செட். அதில் கிராபிக்ஸ் கார்டு போட முடியுமா? ஆர்டிஎக்ஸ் 3050 போடலாம் என்கிறார் கடைக்காரர்.
- ஒரு தந்தை, பள்ளத்தூர்

பதில்: போடலாம், எந்த 3050 என்று கேட்டுக்கொண்டு. 2022இல் வந்தது 8 ஜிபி, 130 வாட். 2024இல் அதே பெயரில் வந்தது 6 ஜிபி, 70 வாட், வேகமும் குறைவு. ஆபீஸ் செட்களில் இருக்கும் சிறிய எஸ்எம்பிஎஸ்ஸை வெளிச்சந்தையில் வாங்கி மாற்றுவது கடினம், கார்டுக்குத் தனி ஒயரும் பெரும்பாலும் வராது. ஆகவே உங்களுக்கு அந்த 6 ஜிபிதான் பொருந்தும். ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம், தனி ஒயர் வேண்டாம். 8 ஜிபி கார்டின் விலையைச் சொல்லி 6 ஜிபியைக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேபினெட் ஒல்லியாக இருந்தால் லோ ப்ரொஃபைல் கார்டு என்று கேளுங்கள், இல்லையேல் மூடி மூடாது.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?
- கானாடுகாத்தான் வாசகர்

பதில்: பொருளைப் பார்த்துத்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றிலும் நல்லவை உண்டு, விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் ஓடும். பயப்பட வேண்டியது போலிக்கு. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்றிருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள், பெரும்பாலான போலிகளை அது காட்டிக்கொடுத்துவிடும். கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வருகிறான். மகனுக்கு அங்கிருந்தே கார்டு வாங்கி வரச் சொல்லலாமா? இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறதே.
- ஒரு தாய், தேவகோட்டை

பதில்: விலை வித்தியாசம் இருக்கலாம். ஆனால் பல பிராண்டுகள் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி தருகின்றன. மூன்று வருஷ வாரண்டியில் இரண்டாம் வருஷம் கார்டு நின்றுபோனால், திருச்சி விமான நிலையம் வழியாகத் தம்பிதான் மறுபடி அதைச் சுமந்து போக வேண்டும். சுங்கத்தில் இலவச வரம்பைத் தாண்டினால் வரியும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்கி வந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். கார்டை மதுரையிலோ திருச்சியிலோ பில்லோடு வாங்குங்கள், பெட்டியை எறிந்துவிடாதீர்கள். தம்பி ஏதாவது வாங்கித்தான் வருவேன் என்றால் நல்ல கீபோர்டு ஒன்று கேளுங்கள்.