கூலி தர்மமா, கடனா?

(குடும்பப் பாடம்: ஏழாம் கற்பனை)

பிரியமான பங்குக் குடும்பத்தாருக்கு,

சில வாரங்களுக்குமுன் ஞாயிறு பூசை முடிந்தபின் ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திக்கொண்டே போகிறது. என்னுடையது நாலு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. அவர்கள் ஒத்துக்கொண்ட கூலியைத்தானே கொடுக்கிறேன். இதில் என்ன பாவம்?" என்று கேட்டார். மனிதரும் யோக்கியர், கேள்வியும் யோக்கியமானது. நம்மில் சிலர் கூலி கொடுக்கிறவர்கள், பலர் கூலி வாங்குகிறவர்கள். ஆகையால் இந்த வாரம் எல்லோருமாக இதைப் படிப்போம்.

1. குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன?

அதற்குக் கீழே ஒருவரும் கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்ட எல்லைக்கோடே அது. நம் தேசத்தில் 1948-ம் வருஷம் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு இப்போது அதன் ஸ்தானத்தில் வந்திருக்கிறது.

2. அதை ஏன் அடிக்கடி உயர்த்துகிறார்கள்?

அரிசியும் எண்ணெயும் வாடகையும் ஏற ஏற, அதே ரூபாய் குறைந்த சாமானைத்தான் வாங்கும். கூலி ஏறாமல் விலைவாசி மட்டும் ஏறினால், கூலிக்காரனுடைய சம்பளத்தை யாரும் தொடாமலே அது குறைந்துபோகிறது. ஆகையால்தான் விலைவாசியை அனுசரித்துப் பஞ்சப்படி கூட்டப்படுகிறது. இப்படிக் கூட்டுவது பெரும்பாலும் புதிதாய் ஒன்றைக் கொடுப்பதல்ல, இழந்ததைத் திரும்ப வைப்பதே.

3. தொகையை எந்தக் கணக்கின்பேரில் நிர்ணயிப்பது?

1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஓர் அளவு வகுத்தது. உழைக்கிறவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் அடங்கிய குடும்பத்தை மூன்று பேருடைய செலவாக வைத்து, போதுமான சாப்பாடு, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றோடு விறகு விளக்கு முதலிய சில்லறைச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவிகிதம் என்று கணக்கிட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை முதலியவற்றுக்காக 25 சதவிகிதம் சேர்க்கவேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தக் கணக்கில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? ஒரு குடும்பம் மானமாய்ச் சீவிக்கும் வழிதான் இருக்கிறது.

4. இருவரும் சம்மதித்தால் எந்தக் கூலியும் நியாயம்தானே?

அல்ல. 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதிய பிரசித்தமான நிருபத்தில் இதற்கு விடை தந்திருக்கிறார். கூலி பேசும் உடன்படிக்கைக்கு மேற்பட்ட இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாய் நடக்கும் தொழிலாளியைக் காப்பாற்றக் கூலி போதாமலிருக்கக்கூடாது. பசிக்குப் பயந்து அவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் உள்ளானவன் என்பதே அவர் போதனை. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையாட்களைப் பற்றிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்து வேலை வாங்குவது கட்டாய வேலையே என்று தீர்த்தது. வயிறு சொல்லும் சம்மதத்தை மனம் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாகாது.

5. கூலி உயர்ந்தால் வேலை போய்விடாதா?

இந்தப் பயத்தைத் தள்ளிவிடக்கூடாது. கூலி மிதமிஞ்சித் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் வேலையில்லாத் திண்டாட்டம் வரும் என்றும், தொழிலின் நிலைமையையும் பார்க்கவேண்டும் என்றும் 11-ம் பத்திநாதர் பாப்பானவர் 1931-ல் போதித்தார். அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணம் 1992-ல் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியபோது, பக்கத்து மாகாணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு பொருளாதார நிபுணர்கள், சிற்றுண்டிக் கடைகளில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். வேறு சிலர் அதை மறுத்தார்கள்; வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சிறு முதலாளி தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: இரும்பு விலை ஏறினால் கொடுக்கிறேன், மின்சாரக் கட்டணம் ஏறினால் கொடுக்கிறேன், மனிதனுடைய விலை மட்டும் ஏன் ஏறக்கூடாது? மெய்யாகவே தாங்கமுடியாதவர் கணக்கை ஒளிக்காமல் வேலையாட்களோடு உட்கார்ந்து வழி தேடட்டும். வீண் செலவை முதலில் வெட்டட்டும்; கூலியில் கை வைக்கவேண்டாம்.

6. கூலியைக் குறைப்பது எவ்வளவு பெரிய பாவம்?

பரலோகத்தை நோக்கிப் பழிக்குக் கூப்பிடும் நான்கு பாவங்களில் ஒன்று, வேலைக்காரருடைய கூலியை மோசம் செய்வது என்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்தோம். ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம். பிடித்து வைத்த கூலி சர்வேசுரனுடைய செவியில் கூக்குரலிடுகிறது என்கிறார் அர்ச். இயாகப்பர். இந்தப் பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டு, பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

இப்போது என் வீட்டுக் கதை. அந்தப் பட்டறைக்காரருக்குப் பதில் சொன்ன அன்று ராத்திரி கோயில் கணக்கைப் புரட்டினேன். கோயிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்கு நாலு வருஷமாய் ஒரே சம்பளம். அவள் கேட்கவில்லை, ஆகையால் நானும் நினைக்கவில்லை. பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, அதைத் தர்மம் என்று எண்ணியிருந்தேன். கடனை வைத்துக்கொண்டு தர்மம் செய்திருக்கிறேன்! மற்றவர்களுக்குப் பிரசங்கம் செய்யும் எனக்கு வெட்கமாயிற்று. பங்குப் பேரவையைக் கூட்டினோம். சம்பளத்தைச் சட்ட அளவுக்கு உயர்த்தினோம். குறைவாய்க் கொடுத்த பாக்கிக்காக இவ்வருஷத் திருநாளில் வாண வேடிக்கை கிடையாது. யாரும் குறை சொல்லவேண்டாம். சொல்வதானால் என்னைச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்களையும் நினையுங்கள். வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டென்று 2018-ல் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது.

இந்த வார அனுசரிப்பு

இரவு ஜெபமாலைக்குப்பின் குடும்பமாய் இவற்றைப் பேசுங்கள்:

அ. நமக்கு உழைக்கிறவர் யார் யார்? கடைசியாக எப்போது கூலி உயர்த்தினோம்?

ஆ. அந்தக் கூலியில் நம் குடும்பம் ஒரு மாதம் சீவிக்குமா?

இ. கூலி வாங்குகிற நாம், உரிய கூலி இன்னதென்று தெரிந்து வைத்திருக்கிறோமா? வாங்கும் கூலிக்கு நேர்மையாய் உழைக்கிறோமா?

நாசரேத்தூரில் தச்சு வேலை செய்து திருக்குடும்பத்தைக் காப்பாற்றிய அர்ச். சூசையப்பர், கொடுக்கிற கைக்கு நீதியையும், வாங்குகிற கைக்குத் தைரியத்தையும் நமக்கு அடைந்து தருவாராக.

உங்கள் பங்குக் குரு