வயிற்றில் பிள்ளையோடு வழிப்பயணம்

கர்ப்பிணித் தாய் பயணம் செய்யலாமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்று ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகப் பொருந்தாது. குடியிருப்பது ஓரிடம், வயல் வேறிடம், கிளினிக் இன்னோரிடம். பதிவுக்குப் பிரதேச செயலகம் போக வேண்டும். பற்றை வளர்ந்த காணியைத் துப்புரவாக்கப் பழைய ஊருக்கும் போக வேண்டும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மக்கள் வெளியேறியபோது கர்ப்பிணித் தாய்மாரும் அந்த நெரிசலில் நடந்தார்கள். அன்று ஆயத்தம் செய்ய யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இன்று பாதை திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. ஆகவே ஆயத்தமின்றி வெளிக்கிடுவதற்கு நாம் காரணம் சொல்ல முடியாது.

முதல் மூன்று மாதங்களில் சத்தியும் தலைச்சுற்றும் களைப்பும் அதிகம். கடைசி மாதங்களில் வயிறு பாரம், நாரி நோ, அடிக்கடி சிறுநீர். இடைப்பட்ட காலமே, அதாவது 14 ஆவது வாரத்திலிருந்து 28 ஆவது வாரம் வரை, பெரும்பாலான தாய்மாருக்கு உடம்பு இலேசாக இருக்கும் காலம். தள்ளிப்போட முடியாத தூரப் பயணங்களை அந்த நாட்களில் முடித்துக்கொள்வது நல்லது. இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, முன்னர் குறைமாதப் பிரசவம் என்று ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் வெளிக்கிட வேண்டாம். மடு ஆவணித் திருவிழாவுக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்ட தாய்மாரும் எம்மிடம் கேட்பதுண்டு. நேர்த்தியைப் பிள்ளை பிறந்த பிறகு நிறைவேற்றினாலும் அதில் ஒரு குறையுமில்லை.

பயணத்தில் எமது தாய்மார் அதிகம் துன்பப்படுவது தண்ணீர் விடயத்தில்தான். வழியில் மலசலகூடம் இராது, இருந்தாலும் துப்புரவாக இராது என்ற பயத்தில் காலையிலிருந்தே ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் பஸ் ஏறுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா சுமார் 140 கிலோமீற்றர். சித்திரை வெயிலில், சனம் நிறைந்த பஸ்ஸில், அவ்வளவு தூரமும் நாக்கு வறள இருந்துவிட்டு இறங்கும்போது தலை சுற்றி விழுகிறார்கள். கர்ப்ப காலத்தில் உடம்புக்கு வழமையைவிடக் கூடுதலான நீர் வேண்டும். நீர் குறைந்தால் தலையிடியும் மயக்கமும் வரும், சிலருக்கு வயிறு இறுகி நோவும் தொடங்கும். சிறுநீரை அடக்கி வைத்தால் கிருமித் தொற்று உண்டாகலாம். அதைக் கவனியாமல் விட்டால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் போகக்கூடும். ஆகவே கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் கொண்டு, தாகம் வரும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மோரும் இளநீரும் நல்லவை. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிப் பைக்கற்று ஒன்றைக் கரைத்துக் குடிக்கலாம்.

மலசலகூடத்துக்கு இறங்க வேண்டுமென்று நடத்துனரிடம் சொல்வது வெட்கமான காரியமல்ல. தாய்க்குக் கூச்சமென்றால் கணவன் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்துகொண்டு, ‘கொஞ்சம் பொறு, வந்திட்டுது’ என்று சொல்லும் கணவன்மாரை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். வீதியோரம் இருக்கும் கடைக்காரர்களும், பாடசாலைகளும், எமது பங்கு மனைகளுந்தான், ஒரு கர்ப்பிணித் தாய் வந்து கேட்டால் கதவைத் திறந்துவிட வேண்டும்.

பஸ்ஸில் பின் சில்லுக்கு மேலேயும் கடைசி வரிசையிலும் குலுக்கல் அதிகம். நடுப்பகுதியில், சில்லுகளுக்கு இடையில், குலுக்கல் குறைவு. சத்தி வருபவர்கள் முன்பக்கமாக யன்னலோரம் இருந்து தூரத்தே வீதியைப் பார்த்துக்கொண்டு போனால் ஓரளவு சுகம் கிடைக்கும். வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். றஸ்க் அல்லது பிஸ்கற் இரண்டு சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கர்ப்பிணிகளுக்கென ஒதுக்கிய ஆசனத்தில் வேறொருவர் இருந்தால் கேட்டு வாங்குங்கள். மதகுருமாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் நாமே இருந்தாலும் எழுப்பத் தயங்க வேண்டாம்.

உழவு இயந்திரத்தில் போவதானால் மட்காட்டில் ஒருபோதும் இருக்கக் கூடாது. ஒரு குழியில் சில்லு இறங்கினால் பிடி விட்டுப்போகும், கீழே விழுபவர் சில்லுக்குள்தான் விழுவார். பெட்டியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மேலே பாய் விரித்து, சாய்ந்துகொள்ள ஒரு மூட்டையும் வைத்து, மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் வயிறு பெருத்த பின் சமநிலை கெடும். சேலையோடு ஒருபக்கமாக இருந்து கிரவல் வீதியில் போவது இன்னும் மோசம். வேறு வழியே இல்லாவிட்டால் தலைக்கவசம் அணிந்து, மூன்றாவது ஆளை ஏற்றாமல், சைக்கிள் வேகத்தில் போங்கள். வாடகை வாகனத்தில் ஆசனப்பட்டி இருந்தால் கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியவும், மேற்பட்டி மார்புகளுக்கு நடுவால் போகவும் வேண்டும். வயிற்றுக்குக் குறுக்கே பட்டி போனால் திடீர் நிறுத்தத்தில் பிள்ளைக்குக் கேடு.

நீண்ட நேரம் காலைத் தொங்கப் போட்டிருந்தால் வீங்கும். அது பெரும்பாலும் சாதாரண வீக்கந்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நாலு அடி நடவுங்கள். எழ முடியாத நெரிசலென்றால் இருந்தபடியே பாதங்களை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச் சதை நொந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடைச் சாப்பாட்டைவிட வீட்டிலிருந்து கொண்டுபோகும் அவித்த பயறு, கச்சான், வாழைப்பழம் நம்பிக்கையானவை. கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிகையை வழியிலும் நிறுத்த வேண்டாம். அதைத் தேநீரோடோ கல்சியக் குளிகையோடோ சேர்த்து எடுத்தால் பலன் குறையும். பழைய ஊரில் இரவு தங்குவதானால் நுளம்புவலை கொண்டுபோங்கள். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது உண்மைதான், ஆனால் டெங்கு போகவில்லை. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும். காய்ச்சல் கண்டால் பரசிற்றமோலுடன் வைத்தியரிடம் போங்கள். அஸ்பிரின் போன்ற நோ மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம்.

இனி அட்டையைப் பற்றி. குடும்பநல உத்தியோகத்தர் தந்த கர்ப்பிணிப் பதிவட்டை காணி உறுதியைப் போன்றது. உறுதியைப் பெட்டிக்குள் பூட்டலாம், அட்டையைப் பூட்டக் கூடாது. இரத்த வகை, அழுத்தம், ஏற்பு ஊசி, முந்திய பிரசவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவழியில் வருத்தம் வந்து முன்பின் தெரியாத வைத்தியசாலையில் சேர்க்கும்போது உங்களுக்காகப் பேசுவது அதுதான். பொலித்தீன் பையில் சுற்றி, பக்கத்துக் கடைக்குப் போவதானாலும் கைப்பையில் வைத்திருங்கள்.

இரத்தம் பட்டால், தண்ணீர் உடைந்தால், விடாத தலையிடியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், வலிப்பு வந்தால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் பயணத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்தச் சந்தி, எந்தப் பாலம், எந்தக் கோயிலடி என்று அடையாளம் சொல்லப் பழகியிருங்கள். வரும்வரை தாயை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

நிறைமாதத்தில் வயல் வேலைக்கென்று தூரப் போக வேண்டாம். வைத்தியசாலைக்குத் தொலைவில் இருப்பவர்கள் 36 ஆவது வாரமளவில் கிட்டவுள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது புத்தி. அப்படி இடம் மாறுபவர்களும், மீள்குடியேறப் போகிறவர்களும், புறப்படுமுன் பழைய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்து, போய்ச் சேர்ந்த கிழமைக்குள்ளேயே புதிய இடத்தில் பெயரைப் பதியுங்கள். பங்கீட்டுக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் பதிய ஓடும் அதே நாளில் இதையும் செய்யலாம்.