தப்புச் சத்தம் கேட்குது: பெண்களுக்காக வீதி நாடகம்



பெண்கள் வலுவூட்டல் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். வந்து உட்காருபவர்களுக்கோ கொழுந்தெடுத்த களைப்பு. அரைவாசிப் பேர் தூங்கி விழுகிறார்கள். ஆனால் தப்புச் சத்தம் கேட்டால் லயத்துக்குள் யாராவது இருப்பார்களா? அதனால் இம்முறை வீதி நாடகத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வீதி நாடகம் என்றால் என்ன?

மேடை, திரை, லைட் ஒன்றும் வேண்டாம். சனம் இருக்கிற இடத்துக்கு நாடகம் போகும். சுற்றி நின்று பார்க்கலாம். நம் நாட்டில் காமினி ஹத்தொட்டுவேகம 1974 இல் தொடங்கிய குழு இதைப் பல ஊர்களுக்கும் கொண்டுபோனது. இந்தியாவில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு 1979 இல் பெண்களின் கஷ்டத்தையே 'ஔரத்' என்ற நாடகமாகத் தெருவில் நடித்தது. ஔரத் என்றால் பெண்.

நமக்கும் இது புதுசு இல்லை. மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். ஆனால் அங்கே ரதி வேஷம் கட்டுவது வழக்கமாக ஆண்தான். பெண்ணின் கஷ்டத்தைப் பெண்ணே வந்து சொல்லட்டும். கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் அந்தக் காலத்திலேயே தொழிலாளர் முன்னால் பாட்டுப் பாடி விழிப்பூட்டியவர்.

ஒரு மாதிரி நாடகம்: 'சம்பள நாள்'

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் தோட்டத்துக்கு வந்தது 1984 இல். வந்த சம்பளம் யார் கையில் இருக்கிறது? இதுதான் கதை.

காட்சி 1: கவ்வாத்துக்குப் போனவர் பகலோடு வீடு வந்து படுத்திருக்கிறார். அவள் அந்தி நிறுவை முடிந்து வந்து தண்ணி எடுத்து அடுப்பு மூட்டுகிறாள்.

காட்சி 2:
"ஒஞ் சம்பளத்தையும் நானே வாங்கிட்டேன்."
"புள்ளைக்கு சப்பாத்து வாங்கணுமே?"
"எனக்குத் தெரியாதா? பேசாம இரு."

காட்சி 3: சாராயக்கடையிலிருந்து வந்தவர் கையை ஓங்குகிறார். தப்பு நிற்கிறது. எல்லோரும் சிலை போல நிற்கிறார்கள்.

இப்போது கதை சொல்பவர் சனத்தைக் கேட்க வேண்டும்: "அக்காமாரே, அண்ணன்மாரே, இவ என்ன செய்யணும்?" பதில் சொல்பவர் உள்ளே வந்து அவளாகவே நடித்துக் காட்டலாம். பிரேசில் நாட்டு ஒகஸ்தோ போவால் என்பவர் 1970களில் வளர்த்த முறை இது. ஒருத்தி "அம்மா வீட்டுக்குப் போவேன்" என்பாள். இன்னொருத்தி "என் பேருக்கு பேங்க் புத்தகம் எடுப்பேன்" என்பாள். புருஷனாக நடிப்பவர் வீட்டில் பேசுகிற மாதிரியே எதிர்த்துப் பேசணும். அப்போதுதான் எந்த வழி எங்கே முட்டுது என்று விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

1. தோட்டத்தில் நடந்த எந்த வீட்டுக் கதையையும் அப்படியே எடுக்க வேண்டாம். பேர், லயம் எதுவும் தெரியக் கூடாது. நாடகம் முடிந்ததும் நாம் போய்விடுவோம். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் அவள்தான்.

2. அடிப்பதைக் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள்.

3. சம்பள நாளில் நடத்த வேண்டாம். ஞாயிறு பகலில் கோயில் முற்றம் நல்லது, ஆண்களும் நிற்பார்கள்.

4. ஒத்திகை நாளில் நடிக்கும் பெண்ணின் வீட்டில் யார் சமைப்பது? இதை முதலிலேயே வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதுவே நாடகத்தின் முதல் வெற்றி.

5. முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். தனியாகப் பேச வரும் பெண்ணுக்காக நம்பிக்கையான ஒருவர் அங்கே இருக்கணும்.

கடைசியில் சொல்ல வேண்டியது

வீட்டுக்குள்ளே அடிப்பது குடும்ப விஷயம் மட்டுமல்ல. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. இரண்டு இலக்கங்களையும் தப்பு அடித்து மூன்று முறை சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கூட மனப்பாடமாகும்.

பயிற்சி

மாதர் சங்கத்தில் கூடிப் பேசுங்கள்:
- உங்கள் வீட்டில் சம்பளக் காசைச் செலவு செய்ய முடிவு எடுப்பவர் யார்?
- மூன்றாம் காட்சியில் பக்கத்துக் காம்பராக்காரர் என்ன செய்யலாம்?
- அந்தப் புருஷன் திருந்தி நடக்க எந்தக் காட்சியில், என்ன மாற்றணும்?

பதில்களைச் சேர்த்தால் நாலாம் காட்சி கிடைக்கும். அதை நீங்களே எழுதி ஆடுங்கள்.