கொள்ளுப்பை மாட்டினால் வாயைக் கட்டியதாகுமா?

கடற்கரையிலோ ஊட்டியிலோ சவாரிக் குதிரையின் முகத்தில் பை தொங்கினால், "ஐயோ பாவம், வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்களே" என்று பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜட்கா வண்டிக் காலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. கித்தான் பையில் கொள்ளையோ ஓட்ஸையோ போட்டு, வாரைக் காதுகளுக்குப் பின்னால் மாட்டிவிட்டால் தானியம் தெருவில் சிந்தாது. பக்கத்துக் குதிரையும் பங்குக்கு வராது.

"மாட்டிவிட்டால் போதும், அது பாட்டுக்குத் தின்னும்" என்று நினைப்பதுதான் ஆபத்து. பையில் மூக்குக்கு நேராகக் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். தானியம் குறையக் குறைய, அடியில் கிடப்பது உதட்டுக்கு எட்டாது. குதிரை தலையை வெடுக்கென்று தூக்கி உதறும்; தூளெல்லாம் மூக்கில் ஏறி இருமும். உடனே வாரை ஒரு துளை ஏற்றிக் கட்ட வேண்டும். தின்று முடித்ததும் கழற்றிவிட வேண்டும். பையோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடவே கூடாது. பைக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால், தலையை நிமிர்த்தினாலும் தண்ணீர் கூடவே வரும். குதிரை மூச்சுத் திணறிச் செத்துப்போகலாம்.

"தொட்டி உயரமாக இருந்தால் கழுத்து நிமிர்ந்து நிற்கும், தீவனமும் சுத்தமாக இருக்கும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரை தலைகுனிந்து மேய்வதற்கென்றே அமைந்த பிராணி. குனிந்திருக்கும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசும் வடியும். தலையைத் தூக்கிக் கட்டி நெடுந்தூரம் லாரியில் ஏற்றிப்போகும் குதிரைகளுக்கு நுரையீரல் அழற்சி வர இது ஒரு முக்கியக் காரணம். தலைக்கு மேலே கம்பித் தட்டியில் புல்லைச் செருகினால் தூசும் விதையும் நேரே கண்ணில் விழும்.

அதற்காக வெறுந்தரையில் கொட்டலாமா? மணல் என்றால் கூடவே கூடாது. புல்லோடு உள்ளே போகும் மணல் பெருங்குடலில் படிந்துகொள்ளும். அதனால் வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்பது உயிர் போகிற சமாச்சாரம். மெரினா போன்ற இடத்தில் ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் அகலமான தாழ்ந்த தொட்டியை வைப்பதே நல்லது.

சின்னக் கண்ணி வலையில் புல் வைத்தால் கஞ்சத்தனம் என்பார்கள். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். வெட்டவெளியில் விட்டால் நாளுக்குப் 16 மணி நேரம்கூட மேயக்கூடிய பிராணி, புல்லைச் சீக்கிரம் தீர்த்துவிட்டுச் சும்மா நின்றால் வயிற்றில் புண்தான் வரும். சின்னக் கண்ணி மெல்லும் நேரத்தை நீட்டுகிறது.

கவனிக்க வேண்டியது வலையின் உயரத்தை. நிறைந்திருக்கும்போது சரியாகத் தெரிகிற வலை, காலியானதும் முழங்கால் வரை தொங்கும். லாடம் அடித்த குளம்பு அதில் சிக்கினால் கால் போச்சு. காலி வலை எதுவரை இறங்குகிறது என்று பார்த்து, இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டுங்கள். வலையை உயரக் கட்டுவது, மேலே சொன்ன தலைகுனிந்து தின்பதற்குக் கொஞ்சம் விரோதம்தான். லாடம் இல்லாத குதிரையென்றால் வலையைத் தொட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

"தினமும் ஒரே டப்பா, ஒரே அளவு." டப்பா ஒன்றுதான், எடை ஒன்றல்ல. ஓட்ஸ் லேசு, கொள்ளு கனம். தீவனம் மாற்றும் நாளில் தராசில் வைத்துப் பார்த்து, டப்பாவில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு 2 கிலோ தானியமே பெரிய குதிரைக்குப் போதும். மட்டக்குதிரைக்கு அதைவிட நன்றாகக் குறைக்க வேண்டும். மெல்லாமல் விழுங்குகிற குதிரையா? வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய வழவழப்பான கல் இரண்டைத் தொட்டியில் போடுவது பழைய உபாயம். இன்றும் பலிக்கும்.

"அலசிவிட்டால் எல்லாக் குதிரைக்கும் ஒரே வாளி போதும்" என்பதும் தப்பு. தொண்டையில் கட்டி வரும் ஸ்ட்ராங்கிள்ஸ், மனிதர்களுக்கும் தொற்றுகிற கிளாண்டர்ஸ் இரண்டும் மூக்குச்சளி கலந்த தண்ணீர் வழியாகப் பரவும். கிளாண்டர்ஸ் கண்டால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். குதிரைக்கு ஒரு வாளி வைத்து, பெயின்ட்டில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். கொள்ளுப்பைக்கும் இதே விதிதான். வரிசையாக வாளிகளை நிரப்பும்போது ஹோஸ் நுனியைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஒரு வாளியின் சளியை அடுத்த வாளிக்குக் கொண்டுபோவது அந்த நுனிதான்.