நாலு நிமிட இடைவெளி



துப்பறியும் நாவல் என்றால் டிராயிங் ஹாலில் கடைசி பெஞ்சில் ஒளித்து வைத்துப் படிக்கிற சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாவலைப் படிக்க கிராஃப் பேப்பரும் பென்சிலும் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. நாவலின் பெயர் 'புள்ளிகளும் கோடுகளும்'. எழுதியவர் ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சோ மாட்சுமோட்டோ.

முதலில் மனுஷரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1909இல் பிறந்தவர். வளர்ந்ததெல்லாம் கியூஷூ தீவின் வடக்கே உள்ள கொக்குரா நகரத்தில். பரம ஏழைக் குடும்பம். 1924இல் படிப்பு முடிந்துபோனது. அப்போது வயது பதினாலு. ஒரு மின்சாரக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மூன்று வருஷத்தில் அந்தக் கிளையையும் மூடிவிட்டார்கள். பிறகு லித்தோ அச்சகத்தில் தொழில் பழகினார். 1929இல் இடதுசாரிப் பத்திரிகை படிக்கிற நண்பர்களோடு பழகியதற்காகப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. பயந்துபோன அப்பா வீட்டிலிருந்த புத்தகங்களை எல்லாம் தீயில் போட்டுவிட்டாராம். படிக்கிற பையனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

அச்சகத்தில் பழகிய கை சும்மா போகவில்லை. 1937இல் அசாஹி செய்தித்தாளின் கொக்குரா அலுவலகத்தில் விளம்பரங்களுக்கு எழுத்தும் படமும் வரைகிற வேலை கிடைத்தது. நம்ம மாதிரி டிராயிங் போர்டு ஆசாமிதான்! ஆனால் நிரந்தர ஊழியராக 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய படிப்புப் படித்து வந்தவர்கள் ஒரு தட்டு, இவரைப் போன்றவர்கள் வேறு தட்டு. அந்தக் கசப்பை 1960களில் எழுதிய தன்வரலாற்றில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். டிப்ளமோவா, டிகிரியா என்று கேட்டுவிட்டு நாற்காலி போடுகிற உலகத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர் வந்தது. ராணுவத்தில் மருத்துவ உதவியாளராகக் கொரியாவுக்குப் போனார். திரும்பி வந்தால் சம்பளம் பற்றவில்லை, வீட்டில் வாய்கள் அதிகம். லீவு நாட்களில் ரயிலேறி ஊர் ஊராய்ப் போய்த் துடைப்பம் விற்றுத் தந்தார். ரயிலும் டைம்டேபிளும் அவர் ரத்தத்தில் ஊறியது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950இல் ஒரு வாரப் பத்திரிகை நடத்திய போட்டிக்கு முதல் கதையை எழுதினார். எழுத வைத்தது பணத்தேவை. கிடைத்தது மூன்றாம் பரிசு. வயதோ நாற்பது! ஆனால் 1953 தொடக்கத்தில் ஜப்பானின் பெரிய இலக்கிய விருதான அகுதாகவா விருதே வீடு தேடி வந்துவிட்டது. அந்தக் கதையில், காணாமல் போன ஓர் எழுத்தாளரின் டைரியில் என்ன இருந்திருக்கும் என்று ஊரெல்லாம் விசாரித்தே ஓர் ஊனமுற்ற இளைஞன் வாழ்நாளைக் கழிக்கிறான். அவன் செத்த பிறகு டைரி கிடைத்துவிடுகிறது. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

இப்போது கிராஃப் பேப்பருக்கு வருவோம். 'புள்ளிகளும் கோடுகளும்' 1957, 58இல் ஒரு சுற்றுலா மாத இதழில் தொடராக வந்தது. கியூஷூவில் ஒரு கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் விஷம் குடித்துக் கிடக்கிறார்கள். காதல் தற்கொலை என்று ஃபைலை மூடப் பார்க்கிறது போலீஸ். உள்ளூர்க் கிழட்டுத் துப்பறிவாளர் ஒருவர் மட்டும் செத்தவன் பையில் இருந்த ரயில் உணவுப் பெட்டி ரசீதைப் பார்க்கிறார். ஒரே ஆளுக்கான ரசீது. ஜோடியாகப் போனவன் ஏன் தனியாகச் சாப்பிட்டான்?

அந்த ஜோடி டோக்கியோவில் பதினைந்தாம் பிளாட்பாரத்தில் மாலை 6.30 எக்ஸ்பிரஸில் ஏறியதைப் பதின்மூன்றாம் பிளாட்பாரத்திலிருந்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நடுவில் வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். அங்கிருந்து இங்கே தடையில்லாமல் தெரிவது 5.57க்கும் 6.01க்கும் நடுவே மட்டும்தான்! அப்படியானால் பார்த்தது தற்செயலா, பார்க்க வைக்கப்பட்டதா? கதையில் வருகிற நேரங்கள் 1957ஆம் வருஷத்து அசல் டைம்டேபிள்படியானவை என்று குறிப்பே உண்டு. ஒரு நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து நான் வரைந்து பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே நாலே மில்லிமீட்டர் வெள்ளை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நமக்குச் சட்டென்று தோன்றிவிடுகிற ஒரு விஷயம் டோக்கியோ போலீஸ்காரருக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைக்கிறது. என்ன என்று சொல்ல மாட்டேன், படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.

இவருக்கு முன்னால் ஜப்பானியத் துப்பறியும் கதைக்கு ராஜா எடோகாவா ரம்போ. விநோதமும் திகிலும் நிறைந்த உலகம், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள். மாட்சுமோட்டோவோ 'யார் செய்தது' என்பதைவிட 'ஏன் செய்தான்' என்பதைப் பிடித்துக்கொண்டார். கடற்கரையில் செத்துக் கிடந்தவன் லஞ்ச விவகாரத்தில் சிக்கிய ஓர் அமைச்சகத்துச் சின்ன அதிகாரி. பெரிய தலைகளைக் காப்பாற்றச் சின்னத் தலை உருள்கிறது. 1960இல் தொடங்கிய 'மணல் பாத்திரம்' நாவலின் அடியில் ஓடுவது, தொழுநோய் வந்தவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் சமூகம் ஒதுக்கிய கொடுமை. 1974இல் அது படமாகவும் வந்தது.

1956இல் வேலையை விட்டவர் 1992இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். 1998இல் கொக்குராவில் அவருக்கு நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். டோக்கியோ வீட்டில் அவர் உட்கார்ந்து எழுதிய அறையும் புத்தக அறையும் உள்ளே அப்படியே அமைக்கப்பட்டிருக்கின்றன. அப்பா புத்தகங்களை எரித்த அதே ஊரில்.